விருந்தினரும் பனுவல் உரிமையும்: அயல்நாட்டு மாணவர்க்குப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலில் எழும் அறவியல் வினாக்கள் (மும்பையை முன்வைத்து)

முன்னுரை

ஒரு நாட்டிற்குக் கல்வி கற்க வரும் அயலார் அந்நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பது ஐயத்திற்கு இடமற்ற செய்தி. ஆயின், அச்சட்டம் அவருக்கு எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பது எளிய வினாவன்று. சாலை விதியையும் குடிநுழைவு விதியையும் கற்பிப்பது போலப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கற்பித்துவிட இயலாது. சாலை விதி கல்விக்குப் புறம்பானது. பதிப்புரிமையோ கல்வியின் உள்ளே புகுந்து, எதைப் படியெடுக்கலாம், எதை மொழிபெயர்க்கலாம், எதை வகுப்பில் பகிரலாம் என ஒவ்வொரு நாளும் மாணவரை வழிமறிப்பது. அவர் ஆக்கத்தில் பங்கு கொள்ளாத ஒரு சட்டம், அவர் அறிவைத் தேடும் செயலையே வரையறுக்கிறது. இவ்விடத்தில் சட்ட வினா அறவியல் வினாவாக மாறுகிறது.

மும்பை இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களம். செம்பூரை அடுத்த தேவனாரில் 1956ஆம் ஆண்டு இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அவை, சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் தோன்றிய பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், தொடக்கம் முதலே ஆசிய பசிபிக் வட்டார நாடுகளின் மாணவர்க்கெனவும் அமைந்ததாகும். அதே தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் உள்ளது. செம்பூரிலிருந்து சிறிது தொலைவில் மாட்டுங்காவும், அதனை அடுத்துத் தாராவியும் அமைந்துள்ளன. இவ்விரண்டும் தமிழர் குடியேறி வாழும் பகுதிகள். அயலாராக வந்து, தாம் இயற்றாத விதிகளுக்குள் வாழக் கற்றுக்கொண்ட ஒரு மக்கள் கூட்டத்தின் அண்டையில் இன்று அயல்நாட்டு மாணவர் வந்து தங்குகின்றனர். இச்சூழலை முன்வைத்து, புரவல நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தை அயல்நாட்டு மாணவர்க்குக் கற்பிப்பதில் அடங்கியுள்ள அறவியல் கடப்பாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைக்குட்பட்ட உரிமை

'காப்புரிமை' என்னும் சொல் தமிழில் நூலுக்கும் கண்டுபிடிப்புக்கும் ஒருசேர வழங்குவதால் மயக்கம் நேர்கிறது. ஆதலின் நூல் முதலிய படைப்புகளின் மீதான உரிமையைப் 'பதிப்புரிமை' என்றே இக்கட்டுரை சுட்டுகிறது.

பதிப்புரிமை நாட்டெல்லைக்குட்பட்டது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் அயல்நாட்டுப் படைப்புகளுக்குத் தன் நாட்டுப் படைப்புகளுக்குரிய பாதுகாப்பை நல்க வேண்டும் என விதித்தது. ஆயினும் பாதுகாப்பின் அளவையும் விதிவிலக்குகளையும் பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சட்டமே வரையறுக்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். நேபாளத்தில் 2002ஆம் ஆண்டின் சட்டப்படி அது 50 ஆண்டுகள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி 70 ஆண்டுகள்.

இதன் விளைவு எண்ணத்தக்கது. 1960இல் மறைந்த ஓர் எழுத்தாளரைக் கொள்வோம். பொதுவிதியின்படி நோக்கினால், நேபாளக் கணக்கில் அவர் நூல்கள் 2011இல் பொதுவுடைமையாகும். இந்தியக் கணக்கில் 2021இல் ஆகும். இலங்கைக் கணக்கில் 2031 வரை காத்திருக்க வேண்டும். காட்மாண்டுவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து செம்பூரில் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் இரு மாணவர்க்கு, ஒரே செயல் தம் ஊரில் ஒரு தன்மையும் இங்கு வேறொரு தன்மையும் உடையதாகிறது. ஆறு மாதத்திற்கு முன்பு குற்றமற்றதாக இருந்தது இன்று குற்றமாகலாம். குற்றமாக இருந்தது குற்றமற்றதாகலாம்.

அறம் எல்லை கடந்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் மாணவர் உள்ளத்தில் இம்மாறுபாடு இரண்டு விளைவுகளுள் ஒன்றைத் தோற்றுவிக்கும். ஒன்று, சட்டம் என்பது வெறும் தற்செயல் என்னும் அலட்சியம். மற்றொன்று, எதைத் தொட்டாலும் தண்டனை வருமோ என்னும் அச்சம். பதிப்புரிமை மீறலுக்கு இந்தியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நுழைவிசைவின் பேரில் தங்கியிருக்கும் மாணவருக்கு அச்சம் கூடுதலாகவே இருக்கும். அலட்சியமும் அச்சமும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், சட்டத்தின் காரணத்தை அறியாமையே இரண்டிற்கும் வேர் எனலாம்.

தமிழ் மரபில் வழிநூலும் நன்றியும்

மாணவர் தம்முடன் கொண்டுவரும் அறிவு மரபு என்ன என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். கொள்வோனின் கொள்ளும் திறனறிந்து கற்பித்தலை நன்னூல் ஆசிரியர்க்குரிய முறையாகக் கூறுவது இங்கு நினையத்தக்கது. தமிழ் மரபையே சான்றாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக்கும். இந்நான்கும் புலமையின் நேரிய வழிகள், இகழ்ச்சிக்குரியவை அல்ல. இனி, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை நோக்குக. மொழிபெயர்க்கும் உரிமையும் தழுவல் செய்யும் உரிமையும் முதலாசிரியர்க்கே உரியவை என அது கூறுகிறது. இலக்கியப் படைப்பைச் சுருக்குதலும் சட்டத்தின் வரையறையில் தழுவலுள் அடங்கும். மரபிலக்கணம் யாவர்க்கும் திறந்துவைத்த வாயில்களுள் சிலவற்றைப் புதுச்சட்டம் இசைவு பெற்றே நுழைய வேண்டிய வாயில்களாக்கிவிட்டது. முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர் சொல்லையும் எடுத்தாளுதல் போற்றத்தக்கது என்னும் நன்னூற் கருத்து இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. இம்மரபில் வளர்ந்த மாணவர் ஒருவர் பிறர் சொல்லை எடுத்தாளுவதில் குற்றம் காணாது இருப்பாராயின், அவரை நேர்மையற்றவர் என்று கூறுவது பிழையாகும்.

எனினும் மரபு நன்றி மறந்ததன்று. மணிமேகலையில் சாத்தனார் திருக்குறட் கருத்தை எடுத்தாளும் இடத்தில், அதனை மொழிந்தவரைப் பொய்யாத புலவர் எனப் போற்றியே எடுத்தாளுகிறார். எடுத்தவர் யாரிடமிருந்து எடுத்தார் என்பது மறைக்கப்படவில்லை. முன்னோரை நினைவுகூர்தல் மரபின் கடன்; அவரிடமோ அவர் வழியினரிடமோ இசைவு பெறுதல் மரபு அறியாத கடன்.

இவ்வேறுபாடு கற்பித்தலில் தலையாயது. கருத்துத் திருட்டும் பதிப்புரிமை மீறலும் வேறு வேறானவை. பொதுவுடைமையான நூலொன்றைப் பெயர் சுட்டாது தம் நூலெனக் காட்டுபவர் பதிப்புரிமையை மீறவில்லை; ஆயினும் கருத்துத் திருட்டுச் செய்கிறார். உரிமையுள்ள நூலை முழுமையாக அச்சிட்டு, ஆசிரியர் பெயரைப் பெரிய எழுத்தில் முகப்பில் பொறிப்பவர் கருத்துத் திருட்டுச் செய்யவில்லை. ஆயினும் பதிப்புரிமையை மீறுகிறார். முன்னதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டின் கல்வி நேர்மை நெறிமுறைகளால் கையாள்கிறது. பின்னதை நீதிமன்றம் கையாள்கிறது. புதுமுக வகுப்பில் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் 'திருட்டு' என்று கூறிச் செல்லும் வழக்கம், மரபின் நன்றியுணர்வோடு இயல்பாகப் பொருந்தும் கடமையையும் புதிதாகக் கற்க வேண்டிய கடமையையும் குழப்பிவிடுகிறது.

மரபிலும் சிக்கலான இடங்கள் உண்டு. வல்லூர்த் தேவராச பிள்ளை பெயரால் வழங்கும் குசேலோபாக்கியானம் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இயற்றியதே என்பதை உ.வே.சாமிநாதையர் பதிவுசெய்துள்ளார். தம் படைப்பைப் பிறர் பெயருக்கு ஈந்துவிடும் இவ்வுள்ளம், ஆக்கியோன் என்னும் நிலையைக் கைவிடத்தக்க ஒன்றாகக் கருதியது. இன்றைய சட்டத்தின் 57ஆம் பிரிவோ, பதிப்புரிமையை விற்ற பின்னரும் தம்மை ஆக்கியோன் எனக் கோரும் உரிமை ஆசிரியரிடமே தங்கும் என்கிறது. மரபுக்கும் சட்டத்திற்கும் இடையிலான தொலைவு இதனால் விளங்கும்.

உரிமையின் அடிப்படை எது?

சட்டத்தைக் காரணத்தோடு கற்பிக்க முனைந்தால், பதிப்புரிமை எதன்மேல் நிற்கிறது என்னும் வினா எழும். மேலைச் சிந்தனையில் இதற்கு மூவகை விடைகள் உண்டு. ஜான் லாக்கின் உழைப்புக் கோட்பாட்டைப் பின்பற்றுவோர், உழைத்தவனுக்கு விளைவு உரியது என்பர். இம்மானுவேல் காண்ட் 1785இல் நூல்களை இசைவின்றி மறுபதிப்புச் செய்தல் பற்றி எழுதிய கட்டுரையில், நூலை ஆசிரியர் பொதுமக்களிடம் ஆற்றும் உரையாகக் கண்டார். இசைவின்றி அச்சிடுபவர் ஆசிரியரின் குரலை அவர் ஒப்புதலின்றித் தாம் பேசுகிறார் என்பது அவர் வாதம். மூன்றாவது, பயன்நோக்கு விடை. 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் கல்வியை ஊக்குவித்தலைத் தன் நோக்கமாக அறிவித்தது. கற்றோர் எழுத வேண்டும். அதற்காகச் சிறிது காலம் தனியுரிமை தரப்படும். பின்னர் நூல் பொதுவாகும் என்பது அதன் ஏற்பாடு.

இம்மூன்றனுள் எதுவும் முழுமையாகப் போதாது. உழைப்பே அடிப்படையாயின், உரிமை ஆசிரியர் மறைந்த 60ஆம் ஆண்டின் இறுதியில் ஏன் முடிய வேண்டும் என்பதற்கு விடையில்லை. இந்தியச் சட்டத்தில் அக்காலம் 50 ஆண்டுகளாகவே இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 இறுதியில் பொதுவாகவிருந்த நிலையிலேயே 1992இல் அது 60 ஆக உயர்த்தப்பட்டது. அறத்தின் அளவுகோல் இவ்வாறு ஒரு கவிஞரின் நினைவு ஆண்டை ஒட்டி நீளாது. மக்கள் மன்றம் செய்துகொள்ளும் உடன்பாடே இவ்வாறு நீளும். உரையே அடிப்படையாயின், உரையாற்றியவர் மறைந்தபின் வணிகர் அவ்வுரிமையை வாங்கி விற்பதற்கு நியாயம் குறைவு. பயனே அடிப்படையாயின், கல்விக்குத் தடையாகும் இடத்தில் உரிமை தானே தளர வேண்டும்.

தமிழகம் இவ்வினாவுக்குச் செயலால் ஒரு விடை தந்துள்ளது. 1921இல் மறைந்த பாரதியாரின் படைப்புகள் குறித்த உரிமைகள் குடும்பத்தார், பதிப்பகத்தார், திரைத்துறையினர் எனப் பல கைகளில் இருந்தன. பாடல்களைப் பயன்படுத்துவதில் எழுந்த பிணக்குகள் மக்கள் கவனத்தை ஈர்த்தன. பாடல் யாருக்கு உரியது என்னும் வினா மேடைதோறும் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. ஏ.வி. மெய்யப்பர் தம்மிடம் இருந்த உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். பின்னர் 1955இல் பாரதியாரின் எழுத்துகள் யாவரும் பதிப்பிக்கத்தக்க பொதுவுடைமை ஆயின. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. அன்று தொடங்கிய நாட்டுடைமை மரபு தமிழகத்தில் இன்றளவும் தொடர்கிறது.

இந்நிகழ்வில் ஒன்று கருதத்தக்கது. பொதுமக்கள் பாடலைக் கைப்பற்றிக்கொள்ளவில்லை. உரிமையாளரின் உரிமையை ஏற்று, குடும்பத்தார்க்குத் தொகை வழங்கி, அதன்பின்னரே அரசு பாடலைப் பொதுவாக்கியது. ஆசிரியரின் குடும்பத்திற்கும் மொழி பேசும் மக்களுக்கும் ஒருசேர நியாயம் தேடிய வழி அது. அயல்நாட்டு மாணவர்க்கு இந்தியப் பதிப்புரிமையின் உணர்வைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பாடம் அரிது.

தில்லி வழக்கும் கல்வி விதிவிலக்கும்

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் குழுமமும், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேசுவரி ஒளிநகல் நிலையத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கு ஏற்ப நூற்பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்து மாணவர்க்கு வழங்கியதே குற்றச்சாட்டு. 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்பைப் படியெடுத்தல் மீறலாகாது என்று கூறுகிறது. அவ்விதிவிலக்கு இத்தொகுப்புகளையும் தழுவுமா என்பது வழக்கின் மையம்.

2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ இறைவனாலோ வந்த முழுவுரிமை அன்று என்பது அவர் கருத்து. தாம் சட்டம் பயின்ற காலத்தில் மாணவர் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை நினைவுகூர்ந்து, கையால் செய்தபோது குற்றமாகாதது கருவியால் செய்தபோது குற்றமாகாது என்றும் அவர் காட்டினார். ஏடு பெயர்த்தெழுதி வாழ்ந்த தமிழ்ப் புலமை மரபு இவ்வாதத்தை எளிதில் உணரும். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை விழுக்காடு எடுக்கப்பட்டது என்பதைவிடக் கற்பித்தலுக்கு அது தேவையானதா என்பதே அளவுகோல் என்றது. தேவை பற்றிய உண்மைகளை விசாரிப்பதற்காக வழக்கைத் திருப்பியும் அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. 2017 மே மாதம் உச்சநீதிமன்றம் மறு அமைப்பொன்றின் மேல்முறையீட்டையும் ஏற்க மறுத்தது.

இத்தீர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் எல்லையையும் கூற வேண்டும். தில்லி உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு மகாராட்டிரத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதன்று, வழிகாட்டும் மதிப்புடையது. கற்பித்தலின் போக்கில் என்னும் தொடரும் எல்லையற்றதன்று. வகுப்புக்குரிய இயலைப் படியெடுப்பது ஒன்று. நூல் முழுவதையும் படியெடுத்து விற்பது மற்றொன்று. இங்குப் பெற்ற தொகுப்பை மாணவர் தம் நாட்டிற்குக் கொண்டுசென்று அங்குப் பரப்புவாராயின், அச்செயலை அந்நாட்டுச் சட்டமே அளக்கும். இலங்கைச் சட்டம் வகுப்பிற்கான பல படிகளையும் நியாயமான பயன்பாட்டின் எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறது. ஆயின் எல்லா நாட்டுச் சட்டங்களும் அத்தகையன என்று கருதலாகாது.

விழுக்காடு பற்றிய முரண் ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. மானியக் குழுவின் 2018 நெறிமுறைகள் ஒப்புமையை 10, 40, 60 விழுக்காடு என எண்ணால் படிநிலைப்படுத்துகின்றன. நீதிமன்றமோ எண்ணைவிட நோக்கத்தைப் பெரிதாகக் கொண்டது. ஒரே மாணவர், நேர்மையை எண்ணாலும் உரிமையை நோக்கத்தாலும் அளக்கும் இரு நெறிகளுக்கு நடுவே நிற்கிறார். ஒன்றை மற்றொன்றாகக் கருதும் பிழை இயல்பாகவே நேரும். அதனைத் தவிர்ப்பது ஆசிரியர் கடமை.

மாட்டுங்காவும் தாராவியும் தரும் பாடம்

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழம்புத்தகக் கடைகள் உள்ளன. அங்குப் பழைய நூலை வாங்குவது குற்றமா என்று புதிதாக வந்த மாணவர் வினவினால், விடை எளிது. ஏற்கெனவே புழக்கத்திற்கு வந்த படியை மறுபடியும் விற்பதைப் பதிப்புரிமை தடுப்பதில்லை. உரிமை படைப்பின்மேலது, தாளின்மேலதன்று. நூலை வாங்கியவர் தாளுக்கு உரியவர். ஆகவே அத்தாளைப் பிறர்க்குக் கொடுக்கலாம், விற்கலாம். நகரின் பழந்தாள் தாராவிக்கு வந்து பிரிக்கப்பட்டு மறுபயனுக்குச் செல்வதும் உரிமை மீறலன்று. ஆனால் நடைபாதையில் பழைய நூலுக்கு அருகிலேயே, புகழ்பெற்ற நூலின் திருட்டுப் பதிப்பு புதிதாக அச்சிடப்பட்டு அடுக்கப்பட்டிருப்பின், அது மீறல். விலை இரண்டிலும் குறைவே, அறநிலை வேறு. பனுவலுக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டை நூறு வரையறைகளைவிட இக்காட்சி நன்கு விளக்கும்.

தாராவி தரும் பாடம் இதனினும் ஆழமானது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழர் அங்கு உழைத்து வாழ்கின்றனர். அவர்கள் வந்த நகரின் விதிகள் அவர்களைக் கேட்டு இயற்றப்பட்டவை அல்ல. 1966இல் சிவசேனை தோன்றிய பின்னர், தென்னிந்தியர் இந்நகரில் வேண்டாதவர் என்னும் குரலையும் அவர்கள் கேட்க நேர்ந்தது. எனினும் அவர்கள் விதிகளை அறிந்தனர். அவற்றுள் தமக்கு இடமளிப்பவை எவை எனவும் அறிந்தனர். அவற்றை மாற்றக் கோரும் குரலும் பெற்றனர். விதியைத் தடையாக மட்டும் அறிந்தவர் அதற்கு அஞ்சி ஒதுங்குவார், அல்லது அதனை ஏய்ப்பார். விதியில் தமக்குள்ள உரிமையையும் அறிந்தவரே அதன் பங்காளியாவார். அயல்நாட்டு மாணவர்க்கும் இஃது ஒக்கும்.

இரு வாதங்களும் மறுப்பும்

புரவல நாட்டுச் சட்டத்தைக் கற்பிப்பது குறித்து இருவேறு நிலைப்பாடுகள் கூறப்படலாம். முதலாவது: விருந்தினர் விருந்தளிப்பவரின் வீட்டு ஒழுங்கை வினவலாகாது, தடைகளின் பட்டியலைத் தந்து கையொப்பம் பெறுதலே போதும். இவ்வாதம் சட்டத்தையே தவறாகக் கூறுகிறது. இந்தியச் சட்டத்தில் 14ஆம் பிரிவு எவ்வளவு சட்டமோ அவ்வளவு சட்டம் 52ஆம் பிரிவும். தனிப்பட்ட பயன், ஆராய்ச்சி, திறனாய்வு, கற்பித்தல் ஆகியவற்றிற்கான விதிவிலக்குகள் உரிமையாளர் இட்ட பிச்சை அல்ல. சட்டமன்றம் கற்போர்க்கு வகுத்த பங்கு. தடையை மட்டும் கூறி விலக்கை மறைக்கும் ஆசிரியர், பாதிச் சட்டத்தை முழுச் சட்டமெனக் கூறுகிறார். அது பொய்யுரைத்தலின் ஒரு வகை. அதனால் இழப்படைபவர், வினவத் தயங்கும் அயல்நாட்டு மாணவரே.

இரண்டாவது நிலைப்பாடு: பதிப்புரிமை செல்வ நாடுகளின் பதிப்பகங்கள் தம் நலனுக்காக உருவாக்கியது, வறிய நாட்டு மாணவரை அது அறத்தால் கட்டுப்படுத்தாது. இவ்வாதத்தில் உண்மையின் கூறு உண்டு. ஆய்விதழ்களின் விலை கல்வியைத் தடுப்பது மெய்யே. இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியதே இதற்குச் சான்று. அரசு நிறுவனங்களில் பயிலாதார் அத்திட்டத்திற்குப் புறத்தே நிற்கின்றனர். சை-ஹப் முதலிய தளங்களுக்கு எதிராக அயல்நாட்டுப் பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடின. 2025 ஆகஸ்டில் சை-ஹப்பைத் தடைசெய்ய ஆணை பிறந்தது. வாயில்கள் சிலர்க்குத் திறக்கும் காலத்திலேயே சிலர்க்கு மூடுகின்றன.

ஆயினும் இவ்வாதம் முடிவில் நிலைக்காது. உரிமையை மீறும் பழக்கம் செல்வப் பதிப்பகத்தின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. சில நூறு படிகள் அச்சிட்டு, அவை விற்ற பணத்தில் அடுத்த நூலை அச்சிடும் தமிழ்ச் சிறு பதிப்பாளரின் நூலும் அதே பழக்கத்தால் மின்படியாகிக் கைபேசிதோறும் பரவுகிறது. கல்விக்குத் தேவையான இயலைப் படியெடுக்கும் மாணவருக்கும் வாழும் கவிஞரின் தொகுப்பு முழுவதையும் வெளியிடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை, 'எல்லாம் பொது' என்னும் முழக்கம் அழித்துவிடும். வலியோர்க்கு எதிராக எழுந்த வாதம் மெலியோரை முதலில் தாக்கும். 1949இல் தமிழகம் கைக்கொண்ட வழி இம்முழக்கத்தின் வழி அன்று என்பதும் இங்கு நினையத்தக்கது. பொதுமை வேண்டுவோர் அதனை வெளிப்படையாகக் கோரிப் பெற வேண்டும். தில்லி வழக்கில் மாணவர் அமைப்புகள் தாமே நீதிமன்றத்தில் இணைந்து வாதிட்டதும், 300க்கு மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களை வேண்டியதும் அவ்வாறு கோரியதற்குச் சான்றுகள். அவ்வாறு வேண்டியோருள் வழக்கில் சுட்டப்பட்ட நூல்களின் ஆசிரியர்களும் இருந்தனர்.

கற்பித்தலின் கடப்பாடுகள்

மேற்கண்டவற்றால் ஆசிரியர்க்குச் சில கடப்பாடுகள் புலனாகின்றன. முதற்கண், நன்றியையும் இசைவையும் பிரித்துக் கற்பித்தல் வேண்டும். பெயர் சுட்டுதல் எந்நாட்டிலும் மாறாத கடன். இசைவு பெறுதல் நாட்டிற்கு நாடு மாறும் கடன். மாறாததை அறமாகவும் மாறுவதை உடன்பாடாகவும் மாணவர் உணர்வாராயின், எல்லை கடக்கும்போது அவர் தடுமாறார். அடுத்து, தடையோடு விலக்கையும், விலக்கோடு அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். மூன்றாவதாக, உறுதியற்றதை உறுதியானதாகக் கூறலாகாது. நீதிமன்றங்கள் முடிவுசெய்யாதவை உள என்பதை மாணவர் அறிதல் நன்று.

நான்காவது கடப்பாடு பெரிதும் மறக்கப்படுவது. அயல்நாட்டு மாணவர் பிறர் நூலைப் பயன்படுத்துபவர் மட்டுமல்லர், தாமும் ஆக்கியோர். அவர் எழுதும் ஆய்வேட்டிற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, 17ஆம் பிரிவின்படி அவரே முதல் உரிமையாளர். தம் நாட்டுச் சிற்றூரின் மக்கட்செய்திகளைத் தொகுத்து அவர் எழுதிய ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படும்போது, எவ்வுரிமையைத் தருகிறார், எதனைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார் என்பதை அவர் அறிந்து கையொப்பமிட வேண்டும். சட்டத்தால் அச்சுறுத்தப்படுபவராக மட்டும் அவரை நடத்தாது, சட்டத்தால் காக்கப்படுபவராகவும் காணும்போது, அதனை மதிப்பதற்குரிய காரணத்தை அவர் தம்மிடத்தே காண்பார்.

முடிவுரை

'விருந்து' என்னும் சொல் தமிழில் புதுமையையும் புதிதாக வந்தவரையும் குறிப்பது. தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாகப் புனையப்பட்ட யாப்பையும் விருந்து என்றே கூறும். புதிய படைப்பிற்கும் புதிதாக வந்த மனிதர்க்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, இரண்டையும் ஓம்பும் கடமையையும் ஒருசேரச் சுட்டுவதாகக் கொள்ளலாம். பதிப்புரிமைச் சட்டம் புதிய படைப்பை ஓம்புகிறது. அதனைக் கற்பிப்பவர் புதிதாக வந்தவரை ஓம்புதல் வேண்டும். படைப்பை ஓம்புவதற்காக மாணவரை அச்சுறுத்துவதும், மாணவரை ஓம்புவதற்காகப் படைப்பாளியை மறப்பதும் ஆகிய இரண்டும் குறையுடையன.

தாம் இயற்றாத சட்டத்திற்கு ஒருவர் அறத்தால் கட்டுப்படுவது, அச்சட்டத்தின் காரணம் அவருக்குக் கூறப்பட்டு, அதன் பயனில் அவருக்கும் பங்களிக்கப்படும்போதுதான். இவ்விரண்டும் இல்லாதவிடத்து எஞ்சுவது பணிவு மட்டுமே; அதுவும் கண்காணிப்பு உள்ளவரை நிற்பது. தேவனாரில் பயின்று ஊர் திரும்பும் மாணவர் நாளை அங்கு ஆசிரியராகலாம், நூலாசிரியராகலாம், தம் நாட்டுச் சட்டத்தை வகுப்போருள் ஒருவராகவும் ஆகலாம். அவர் இங்கிருந்து கொண்டுசெல்வது தடைகளின் பட்டியலா, கற்போர்க்கும் ஆக்கியோர்க்கும் இடையே ஒரு நாடு கண்ட உடன்பாட்டின் அறிவா என்பது, கற்பிப்பவர் தேர்ந்துகொள்ளும் முறையைப் பொறுத்ததாகும்.